பெல்ட்டில் ஒரு புது ஓட்டை

அண்ணன் வீட்டுக் குளியலறைக் கதவின் பின்பக்கம் அந்த பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது. கை கழுவிவிட்டுத் துண்டை எடுக்கப் போனபோதுதான் கவனித்தேன். பழுப்புத் தோல் பெல்ட். மூன்றாவது ஓட்டையைச் சுற்றி, பல வருடம் கொக்கி அழுந்திய தடம் கறுத்துப் பள்ளமாகிக் கிடந்தது. ஐந்தாவது ஓட்டையில் இன்னொரு தடம், வெளிறிப் போய். அதையும் தாண்டி ஓர் அங்குலம் தள்ளி, ஆணி வைத்து அடித்த ஒரு புது ஓட்டை. அதன் விளிம்பில் தோல் பிசிறு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

வெளியே வந்து, "அண்ணா, இப்போ எத்தனை கிலோ இருக்க?" என்று கேட்டேன்.

"தினமும் நடக்கிறேன்ல. கொஞ்சம் குறைஞ்சிருக்கும்."

அன்று மாலையே எடை பார்க்க வைத்தேன். 66 கிலோ. முந்தைய வருடம் அலுவலகத்தில் எடுத்த மருத்துவப் பரிசோதனைச் சீட்டில் 74 என்று இருந்தது. அவன் நடக்க ஆரம்பித்தது இரண்டே மாதத்துக்கு முன்புதான். அதுவும் பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கித் திரும்பிவிடுவான் என்று அண்ணி சொன்னார்.

அவனுக்கு அப்போது 52 வயது. மலத்தோடு ரத்தம் வந்ததை முதன்முதலில் பார்த்து 11 மாதம் ஆகியிருந்தது. அந்தக் கணக்கைக்கூட நாங்கள் பிற்பாடுதான் போட்டோம், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு. யாரிடமும் தேதி இல்லை. "பெரியவனுக்குப் பரீட்சை நடந்துட்டிருந்த சமயம்" என்று அண்ணி ஞாபகப்படுத்திச் சொல்ல, அங்கிருந்து விரல் விட்டு எண்ணினோம்.

இந்த 11 மாதமும் எங்களுக்கு எதுவுமே தெரியாமல் இருந்துவிடவில்லை. எல்லாம் தெரிந்துதான் இருந்தது. ஆனால் ஒவ்வொன்று தெரியும்போதும் அதற்கொரு காரணமும் கையோடு கிடைத்துவிட்டது. ரத்தமா, மூலம். அதை முதலில் சொன்னவளே நான்தான். "அம்மாவுக்கும் இருந்துச்சே, நம்ம உடம்பு வாகு அப்படி" என்றேன். களிம்பு வாங்கிப் போட்டான், இரண்டு வாரம் ரத்தம் நின்றது. அதோடு அந்தப் பேச்சும் நின்றது. ரத்தம் மறுபடி வந்தபோது அவன் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் மூலம் என்று முடிவாகிவிட்டதே. சோர்வாக இருக்கிறதா, வேலை அதிகம். எடை குறைகிறதா, நடைப்பயிற்சி.

இடையில் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்தார்கள். ஹீமோகுளோபின் 8.6. ஆண்களுக்கு 13-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் 10.2-க்கு ஏறியது, எல்லோருக்கும் நிம்மதி. அந்த மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும் என்று சொல்லியிருந்தார்கள். அது உண்மைதான். அதனால் நிறம் மாறியபோதும் நாங்கள் பயப்படவில்லை. அதற்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது.

இன்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வயது வந்த ஆணுக்கோ, மாதவிடாய் நின்றுபோன பெண்ணுக்கோ இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை வந்தால், ரத்தம் எங்கே கசிகிறது என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தாக வேண்டும். இரைப்பையையும் பெருங்குடலையும் பார்க்காமல் அந்தப் பதில் பெரும்பாலும் கிடைக்காது. மாத்திரை அளவை ஏற்றிக் காட்டும், ஆனால் கசிவு நின்றுவிட்டதா என்று சொல்லாது. அளவு ஏறுகிறதே என்று நாங்கள் நிம்மதியாக இருந்த மூன்று மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்குகிறது.

பெல்ட்டைப் பார்த்த மூன்றாம் நாள் ஓர் அறுவை சிகிச்சை நிபுணரிடம் அழைத்துப் போனேன். அவர் முதலில் கேட்டது இதுதான்: "கழிவறைக்குப் போயிட்டு வந்த பிறகும் இன்னும் மிச்சம் இருக்கிற மாதிரி தோணுதா?" அண்ணன் என்னைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அந்தத் தொந்தரவு ஆறு மாதமாக இருந்திருக்கிறது. சளி மாதிரியும் போயிருக்கிறது. தங்கையிடமும் சொல்லவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை, மாத்திரை எழுதிய மருத்துவரிடமும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

பிறகு கையுறை போட்டு, விரலால் ஆசனவாய்க்குள் தொட்டுப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கட்டி அவர் விரலில் பட்டது. 11 மாதத்தில் அந்த ஒரு நிமிடப் பரிசோதனையை யாரும் செய்யவில்லை, செய்யுங்கள் என்று கேட்க வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியாது.

ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடல் முழுவதையும் பார்க்கும் கொலனோஸ்கோப்பி, சதைத் துணுக்கு எடுத்து பயாப்ஸி, எம்ஆர்ஐ, சிடி ஸ்கேன் எல்லாம் இரண்டு வாரத்துக்குள் முடிந்தன. பயாப்ஸி என்றதும் உறவில் ஒருவர், "ஊசி பட்டா பரவிடும், வேண்டாம்" என்று போன் போட்டுச் சொன்னார். அண்ணி ஒரு நாள் முழுக்கத் தடுமாறிப் போனார். மருத்துவர் பொறுமையாக விளக்கினார்: பயாப்ஸி எடுப்பதால் நோய் பரவும் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை, அதை எடுக்காவிட்டால் என்ன நோய், எந்த வகை என்றே தெரியாது, தெரியாமல் வைத்தியம் செய்ய முடியாது. இந்த ஒரு வதந்தியால் எத்தனை பேர் நாள் கடத்தியிருப்பார்களோ.

மலக்குடல் புற்றுநோய், மூன்றாம் நிலை. பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் போயிருந்தது, தொலைவில் வேறெங்கும் போகவில்லை. கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, பிறகு அறுவை சிகிச்சை. சில மாதம், மலம் வெளியேற வயிற்றில் துளை போட்டு, அதில் பை வைத்துக்கொண்டு இருந்தான். பிறகு அந்தத் துளையை மூடிவிட்டார்கள். நாலு வருடம் ஆகிறது. தவறாமல் பரிசோதனைக்குப் போய் வருகிறான். நன்றாக இருக்கிறான்.

வைத்தியக் கதையை இதற்கு மேல் எழுதப் போவதில்லை. அது மருத்துவர்கள் நடத்திய பகுதி. அதற்கு முந்தைய 11 மாதம் எங்கள் கையில் இருந்தது. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

மூலத்திலும் சிவப்பாக ரத்தம் வரும், மலக்குடல் புற்றுநோயிலும் வரும். வீட்டில் உட்கார்ந்து பிரித்துச் சொல்லவே முடியாது. ஒருவருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அண்ணனுக்கு அப்படித்தான் இருந்தது. அதனால் 'மூலம்' என்று நாங்கள் சொன்னது பொய்யும் இல்லை. அங்கேதான் ஏமாந்தோம். சொன்ன காரணம் சரியாக இருந்ததால் அதற்கு மேல் தேடவில்லை.

வலி இல்லாததும் சேர்ந்து ஏமாற்றியது. "வலிச்சா போயிருப்பேனே" என்று அவனே பிறகு பலமுறை சொல்லியிருக்கிறான். பல புற்றுநோய்கள் ஆரம்பத்தில் வலிப்பதே இல்லை. மார்பகக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. சிறுநீர்ப்பையில் கட்டி இருந்தால் வலியே இல்லாமல் ஒருநாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், மறுநாள் தெளிந்துவிடும், பிறகு வாரக்கணக்கில் ஒன்றும் இருக்காது. தெளிந்துவிட்டதே என்று இருந்துவிடக் கூடாது. ஒரே ஒரு முறை வந்திருந்தாலும் காட்ட வேண்டும்.

அதற்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். உடம்பில் ஏதாவது புதிதாகத் தோன்றினால், என்ன காரணம் என்று யோசிப்பதற்கு முன்னால் தேதியை எழுதிவிடுவேன். காரணத்தையும் எழுதுவேன், ஆனால் அதற்கு மூன்று வாரம்தான் கெடு. வாய்ப்புண்ணா, பல் கடித்ததாக இருக்கட்டும். மூன்று வாரத்தில் ஆறவில்லை என்றால் பல் மருத்துவரோ காது மூக்கு தொண்டை மருத்துவரோ பார்க்கட்டும், புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் அவ்வளவு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். வாய்க்குள் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு தெரிந்தாலும், வாய் முன்போல் அகலத் திறக்கவில்லை என்றாலும் இதே கதைதான். குரல் கட்டினால் சளி என்று நினைப்போம், சரி, மூன்று வாரம். இருமல், மூன்று வாரம். மலம் கழிக்கும் பழக்கம் திடீரென்று மாறி, அடிக்கடி போவதோ, இளகிப் போவதோ, மலச்சிக்கலோ தொடர்ந்தால் அதற்கும் அதே மூன்று வாரம்.

சிலவற்றுக்கு அந்தக் கெடுவும் கிடையாது. தெரிந்த அன்றே மருத்துவரிடம் நேரம் கேட்டு வாங்கிவிட வேண்டும். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழிந்த பெண்ணுக்கு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அப்படித்தான். கருப்பை உட்சுவரில் புற்றுநோய் வரும் பெண்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இந்த ரத்தக்கசிவு முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடுகிறது. மறுபக்கம், இப்படி ரத்தம் படும் பெண்கள் நூறு பேரை எடுத்தால் புற்றுநோய் இருப்பது ஏறக்குறைய ஒன்பது பேருக்குத்தான். மற்றவர்களுக்கு எளிதாகச் சரிசெய்யக்கூடிய வேறு ஏதோ. இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துச் சொன்னால்தான் என் தோழிகள் மருத்துவரிடம் போகிறார்கள். முதலாவதை மட்டும் சொன்னால் பயந்து ஒளிகிறார்கள். உடலுறவுக்குப் பின் ரத்தம் வருவது கருப்பை வாயைப் பார்க்கச் சொல்லும் அறிகுறி. இதை யாரிடம் சொல்வது என்று கூச்சப்பட்டே காலம் போய்விடுகிறது. பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்டு வாங்கியாவது போய்விட வேண்டும்.

சளியில் ரத்தம், மார்பில் புதிதாகத் தட்டுப்படும் கட்டி, காம்பு உள்வாங்குவது, காம்பிலிருந்து ரத்தம் கசிவது, மார்புத் தோல் குழிவது அல்லது ஆரஞ்சுத் தோல்போல் தடிப்பது, விதைப்பையில் வலியில்லாத கட்டி, வலியே இல்லாமல் கண் மஞ்சளாவது, விழுங்கும்போது நெஞ்சில் அடைப்பது, நிறமோ வடிவமோ மாறிக்கொண்டே போகும் மச்சம், இவையும் நாள் எண்ணிக் காத்திருக்க வேண்டியவை இல்லை. மார்பகப் புற்றுநோய் ஆண்களுக்கும் வரும். அரிதுதான், ஆனால் வரும். குழந்தையின் கண் பாப்பா போட்டோவில் வெள்ளையாகப் பளிச்சிட்டால் அந்தப் படத்தோடு கண் மருத்துவரிடம் போங்கள்.

எடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாம் குறைக்க முயலாமலே ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் காரணம் கண்டுபிடிக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் கையாளும் அளவு. 74 கிலோவுக்கு அது 3.7 கிலோ. அண்ணனுக்கு 8 கிலோ போயிருந்தது. தினமும் கூடவே இருப்பவர்களுக்கு இது தெரியாது. நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிறவள் என்பதால் தெரிந்தது. அதனால் இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் மாதத்தின் முதல் ஞாயிறன்று எல்லோரும் எடை பார்த்து எழுதி வைக்கிறோம்.

அண்ணனுக்கு நோய் உறுதியான பிறகு மருத்துவர் என்னைக் கூப்பிட்டு, "உங்களுக்கு என்ன வயசு?" என்றார். 48 என்றேன். பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகள் யாருக்காவது பெருங்குடலிலோ மலக்குடலிலோ புற்றுநோய் இருந்தால் 40 வயதிலேயே, அல்லது அவர்களுக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து வருடம் முன்பே, எது முந்தியோ அப்போதே கொலனோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும் என்றார். குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர்களுக்கே பரிசோதனையை 45 வயதில் ஆரம்பிக்கலாம் என்று அமெரிக்க நிபுணர் குழு 2021-ல் பரிந்துரைத்தது, அதற்கு முன்பு அது 50-ஆக இருந்தது. மருத்துவர் சொன்ன 40 வயதுக் கணக்கில் நான் எட்டு வருடம் தாமதம்.

அந்தப் பரிசோதனையைப் பற்றிப் பயமுறுத்தும் கதைகள் நிறைய. எனக்குக் கஷ்டமாக இருந்தது முந்தைய இரவு மட்டும்தான். குடலைச் சுத்தம் செய்யக் கொடுக்கும் மருந்துத் தண்ணீரைக் கால் மணிக்கு ஒரு டம்ளராகக் குடித்துக்கொண்டே கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடந்தேன். உப்புக் கரித்தது, குளிர வைத்து ஸ்ட்ரா போட்டு உறிஞ்சியதும் சமாளிக்க முடிந்தது. கடைசியில் போவது வெறும் மஞ்சள் தண்ணீராக இருக்க வேண்டும். மறுநாள் மயக்க ஊசி போட்டார்கள். கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இரண்டு பாலிப் இருந்ததாகவும், அங்கேயே எடுத்துவிட்டதாகவும் சொன்னார்கள். பாலிப் என்பது குடல் சுவரில் முளைக்கும் சின்னச் சதை வளர்ச்சி. அவற்றில் சில, பொதுவாகப் பத்து வருடம்போல எடுத்துக்கொண்டு மெல்லப் புற்றுநோயாக மாறும். என்னுடைய இரண்டும் அந்த வகைதான் என்று அறிக்கை வந்தது. எனக்கு ஒரு அறிகுறியும் இருந்ததில்லை. அண்ணனிடம் அந்த அறிக்கையைக் காட்டினேன். வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தான்.

அடுத்த வருடம் என் இடது மார்பில் கோலிக்குண்டு அளவுக்கு ஒன்று தட்டுப்பட்டது. தேதியை எழுதினேன், அன்றே போன் செய்தேன், நான்காம் நாள் மருத்துவர் முன்னால் இருந்தேன். அந்த நான்கு நாளும் தூங்கவில்லை, மறைப்பானேன். கையால் பார்த்தார்கள், மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் எடுத்தார்கள். நீர்க்கட்டி. ஊசியால் உறிஞ்சியதும் வைக்கோல் நிறத்தில் தண்ணீர் வந்தது, கட்டி அமுங்கிவிட்டது. மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. "தேவையில்லாம உங்களைத் தொந்தரவு பண்ணிட்டேன்" என்றேன். "இது தொந்தரவு இல்லைம்மா, இதுக்குத்தான் நாங்க இருக்கோம். அடுத்தமுறை ஏதாவது தட்டுப்பட்டாலும் இப்படியே வாங்க" என்றார்.

மருத்துவரிடம் எப்படிச் சொல்வது என்பதையும் கற்றுக்கொண்டேன். "கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்கு டாக்டர்" என்று ஆரம்பித்தால் அவருக்கும் ஒன்றும் பிடிபடாது. எந்தத் தேதியில் தொடங்கியது, வாரத்தில் எத்தனை முறை, கூடிக்கொண்டே போகிறதா, எடை எவ்வளவு குறைந்தது, குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் என்ன புற்றுநோய், இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி அவர் மேசையில் வைத்துவிடுவேன். 'மூலம்னு நினைக்கிறேன்' என்று நாமே பெயர் வைக்காமல், நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும். எழுந்து வருவதற்கு முன் தவறாமல் ஒரு கேள்வி: "இது எத்தனை நாளில் சரியாகணும்? சரியாகலைன்னா அடுத்து என்ன செய்யணும்?" அந்த நாள் தாண்டினால் மறுபடி போவேன். முதலில் எடுத்த ரத்தப் பரிசோதனையோ எக்ஸ்ரேயோ நன்றாக இருந்தாலும், தொந்தரவு நிற்கவில்லை என்றால் போவேன். சாதாரண ரத்தப் பரிசோதனையில் பல புற்றுநோய்கள் தெரியாது, நுரையீரல் கட்டி எக்ஸ்ரேயில் தப்பிவிடுவதும் உண்டு. அதே மருத்துவர் அதே மாத்திரையை மூன்றாவது முறை எழுதினால், வேறொருவரிடம் கருத்துக் கேட்பேன். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

நேரம் வாங்கிக் காத்திருக்கவே கூடாதவையும் உண்டு. முதுகு வலியோடு கால்கள் பலமிழந்தாலோ, சிறுநீர் வராமல் போனாலோ, இருமலில் நிறைய ரத்தம் வந்தாலோ, முதன்முறையாக வலிப்பு வந்தாலோ, கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தாலோ நேராக அவசர சிகிச்சைப் பிரிவுதான், நடு ராத்திரியானாலும்.

போன ஞாயிறு அண்ணன் போன் செய்தான். குரல் கரகரவென்று இருந்தது.

"சளி பிடிச்சு தொண்டை கட்டினது. சளி போயிடுச்சு, குரல் வரலை. எழுதி வச்சிருக்கேன், இன்னிக்குப் பதினேழாவது நாள். வியாழக்கிழமையோட மூணு வாரம் ஆகுது. காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட அன்னிக்குக் காலையில பத்து மணிக்கு நேரம் வாங்கிட்டேன். உனக்கு லீவு கிடைக்குமா?"

கிடைக்கும் என்றேன்.